மூன்றாம் வகுப்பின் செக்கிங் மேடம்

திருப்பூரில் உள்ள அத்தனை பனியன் கம்பெனிகளிலும் தேடினாலும் செக்கிங் மேடத்தைப் போலக் கறாரான ஓர் ஆளைப் பார்க்க முடியாது. அவருக்கு வயது எட்டு. என் மகள் மகிழினியோடு மூன்றாம் வகுப்பில் படிக்கிறார். மற்றப் பிள்ளைகளை அவன், அவள் என்று எழுதுகிற எனக்கு இவரை மட்டும் அப்படி எழுதக் கை வரவில்லை. நேரில் பார்த்தால் நீங்களும் எழுந்து நிற்பீர்கள், குழந்தைகளே.

பெயர்க் காரணம் சொல்லிவிடுகிறேன். மேடத்தின் அம்மா கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறார். தைத்து வரும் பனியனை மேசையில் விரித்து, ஓட்டை இருக்கிறதா, தையல் விட்டிருக்கிறதா என்று பார்ப்பது அந்த வேலை. குறை கண்ட இடத்தில் சிவப்பு அம்பு போட்ட சின்ன ஸ்டிக்கரை ஒட்டுவார்கள். மிச்சமான ஸ்டிக்கர் வீட்டுக்கு வரும். வீட்டுக்கு வந்தது பள்ளிக்கூடத்துக்கு வரும். கால் ஆடுகிற பெஞ்சுக்கு ஓர் அம்பு. சொட்டுகிற குழாய்க்கு ஓர் அம்பு. ஒருநாள் தலைமையாசிரியர் சட்டையின் முதுகில் இருந்த மைக்கறைக்கும் ஓர் அம்பு ஒட்டியிருந்ததாகச் சொல்கிறார்கள். நான் பார்க்கவில்லை. சாயங்காலம் வரை அவரும் பார்க்கவில்லை.

இந்த வாரம் மூன்றாம் வகுப்பில் அளவுப் பாடம். திங்கட்கிழமை கையால் சாண் போட்டு பெஞ்சை அளந்தார்கள். ஒருத்திக்குப் பத்துச் சாண் வந்தது, இன்னொருத்தனுக்குப் பன்னிரண்டு. ஒரே பெஞ்சு எப்படி இரண்டு நீளமாகும் என்று பெரிய சண்டை. "அவங்கவங்க கை வேற வேற கண்ணுகளா, அதனாலதான் ஸ்கேல் வந்துச்சு" என்று சொல்லி, செவ்வாய்க்கிழமை டீச்சர் சென்டிமீட்டரை ஆரம்பித்தார். மேடம் ஸ்கேலைத் தொடவே இல்லை. பையிலிருந்து அம்மாவின் பழைய டேப்பை எடுத்து மாலையாகக் கழுத்தில் போட்டுக்கொண்டார். அதோடு வகுப்பு அவர் கைக்குப் போய்விட்டது.

புதன்கிழமை, எட்டும் ஏழும் எவ்வளவு என்று டீச்சர் கேட்டார். ஒரு பையன் பதினாலு என்றான். டீச்சர் வாயைத் திறக்கும் முன் மேடம் எழுந்துவிட்டார்.

"ஒண்ணுதானுங்க டீச்சர் கொறையுது. டாலரன்ஸ்ல போயிருமுங்க."

கம்பெனியில் கேட்ட அளவைவிடப் பனியன் அரை இஞ்ச் கூடக் குறைய இருந்தால் தள்ள மாட்டார்கள். அந்தச் சலுகைக்குத்தான் டாலரன்ஸ் என்று பெயர்.

"கணக்குக்கெல்லாம் டாலரன்ஸ் கெடையாது கண்ணு."

"வெளிநாட்டுக்குப் போற பனியனுக்கே இருக்குதுங்களே?"

டீச்சர் திரும்பி நின்று கரும்பலகையை வெகுநேரம் துடைத்தாராம். பலகையில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

இதையெல்லாம் வீட்டில் வந்து சொல்வது மகிழினிதான். ஆனால் அன்று சாயங்காலம் சொல்லிவிட்டு அவள் சிரிக்கவில்லை. தட்டில் இருந்த தோசையைச் சும்மா பிய்த்துக்கொண்டிருந்தாள்.

"வெள்ளிக்கிழம எல்லாத்தையும் நிக்க வெச்சு ஒசரம் அளக்கறாங்கப்பா. சார்ட்ல எழுதி செவுத்துல ஒட்டுவாங்களாமா. ஒசரமானவங்க மேல, குட்டையானவங்க கீழ."

"செரி, அதுக்கென்ன சாமி?"

"நாந்தானேப்பா கடேசி."

வகுப்பிலேயே சின்ன உருவம் அவள்தான். பிள்ளைகள் அவளைச் 'சுண்டைக்கா' என்று கூப்பிடுகிறார்கள் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. எத்தனை நாளாக என்று கேட்டேன். "வெள்ளிக்கிழம நா லீவு போட்டுக்கறேன்ப்பா" என்றாள்.

நான் எட்டாவது வரை படித்தவன். கம்பெனியில் அயர்ன் மாஸ்டர். அந்த நேரத்தில் ஒரு பிள்ளைக்கு என்ன சொல்ல வேண்டுமோ அது என் வாயில் வரவில்லை. தெரிந்த வேலையைச் செய்தேன். பனியன் வேஸ்ட் துணியில் இரண்டு துண்டு எடுத்தேன். எட்டாக மடித்து, அழுத்தி அயர்ன் போட்டு, அவளுடைய ஷூவுக்குள் குதிகாலுக்குக் கீழே வைத்தேன். போட்டு நடந்து பார்த்தாள். கொஞ்சம் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு இன்னும் நாலு மடிப்பு வைத்திருப்பேன். கால் நுழையவில்லை.

வெள்ளிக்கிழமை அளக்கிற வேலைக்கு உதவியாகப் பெற்றோர்களில் வர முடிந்தவர்களை வரச் சொல்லியிருந்தார்கள். ஒரு மணி நேரம் பர்மிஷன் போட்டுவிட்டுப் போனேன். சுவரில் டேப் ஒட்டியிருந்தது. மேடம் ஸ்டூல் மேல் நின்று எண்ணைப் படித்தார். டீச்சர் நோட்டில் குறித்தார். முதலில் வந்த பிள்ளையிடமே மேடம் சொன்னார்:

"ஷூவக் கழட்டிட்டு நில்லு. பனியன்ல மடிப்பு இருந்தா அளவு தப்பாயிருமில்ல, அது மாதிரிதான்."

வரிசை குறையக் குறைய மகிழினி என்னையே பார்த்தாள். அவள் முறை வந்தது. மெதுவாக ஷூவைக் கழற்றினாள். வெள்ளைத் துணி இரண்டு, பெட்டியில் அடுக்கும் பதத்தில், தரையில் விழுந்தன. மேடம் ஸ்டூலை விட்டு இறங்கி, ஒன்றை எடுத்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"அயர்ன் நல்லாப் போட்டிருக்குதுங்க" என்றார், என்னைப் பார்த்து.

நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

மேடம் மறுபடி ஏறி நின்று படித்தார். "நூத்திப் பதினாறு."

"சுண்டைக்காதான் கடேசி!" என்று ஒரு பையன் கத்தினான். மகிழினி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்குவது எனக்குத் தெரிந்தது. டீச்சர் மேடத்தின் காதருகே குனிந்து, "டாலரன்ஸ் ஒண்ணு ரெண்டு கூட்டிக்கலாமா கண்ணு?" என்றார்.

"எதுக்குங்க டீச்சர்?" மேடத்துக்கு உண்மையாகவே புரியவில்லை. "எஸ் சைஸ் பனியன் டேமேஜுங்களா? எஸ்ஸு, எம்மு, எல்லு எல்லாம் ஒரே வண்டியிலதானுங்க போகுது. எஸ்ஸு எஸ் அளவுல இருந்தாப் பாஸுங்க. அத இழுத்து எம் அளவுக்கு வெச்சாத்தான் ரிஜெக்டுங்க."

பிறகு அந்தப் பையனிடம் போய் மேலும் கீழும் பார்த்தார். "நீ எல்லு. ஆனா காலர் கிழிஞ்சிருக்குது" என்று சொல்லி, காலரில் ஓர் அம்பு ஒட்டிவிட்டு ஸ்டூலுக்குத் திரும்பினார். "அடுத்த ஆளு வாங்க."

டீச்சர் பேனாவை எடுத்தார். சார்ட்டில் 'உயரமானவர் முதல்' என்று எழுதியிருந்த தலைப்பை அடித்துவிட்டார். "அவங்கவங்க அளவ அவங்கவங்களே எழுதுங்க. எங்க வேணும்னாலும் எழுதலாம்" என்றார். மகிழினி மூக்கைத் துடைத்துக்கொண்டு போனாள். சார்ட்டின் நட்டநடுவில், இரண்டு பேர் இடத்தை அடைத்து, நூற்றுப் பதினாறு என்று எழுதினாள்.

நான் கிளம்பும்போது மேடம் வாசல் வரை வந்தார். ஷூவுக்குள் துணி வைப்பது பெரியவன் செய்கிற வேலையா என்று எனக்குத் தலை நிமிர முடியவில்லை.

"ஏனுங்க மேடம், என்னைய எந்த சைஸ்ல சேப்பீங்க?" என்று கேட்டுவைத்தேன்.

அவர் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. தலையிலிருந்து கால் வரை நிதானமாகப் பார்த்தார்.

"நீங்க மகிழினிக்கு அப்பாங்க மாமா. அதுக்கு அளவு செரியாத்தான் இருக்கீங்க."

கம்பெனிக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. இருந்தாலும் அவர் உள்ளே போய், தன் இடத்தில் உட்காரும் வரைக்கும் வாசலிலேயே நின்றேன்.