மொட்டைத் தலையோடு கேட்ட பாலிசி

ரகசியத்தைக் காப்பாற்ற நினைக்கிற ஆண்பிள்ளை மொட்டை போடக் கூடாது. இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது.

வெண்ணிலா, தினேஷ், இந்தக் கதை உங்களுக்குத் தெரியும். (நம்ம தெருவுக்கே தெரியும், அது வேற.) ஆனால் நீங்கள் சொல்லும்போது நான் கத்துகிற இடம் மட்டும்தான் வருகிறது. அதற்கு முன்னால் என் மனசில் என்ன ஓடியது என்பதை நான்தானே எழுத வேண்டும்?

எனக்கு ஐம்பது தாண்டியிருந்தது. குட்டியானை வண்டியில் நூல் மூட்டை ஏற்றிக்கொண்டு ஆர்.கே.பேட்டைக்குப் போனால், வழியில் ரெண்டு புளியமரத்தடியிலாவது இறங்கி ஒதுங்க வேண்டியிருந்தது. சர்க்கரையோ என்று டாக்டரிடம் போனேன். ரத்தம் எடுத்தார்கள். சர்க்கரை இல்லை. புராஸ்டேட் சுரப்பிக்கு என்று எடுத்த டெஸ்டில்தான் அளவு ஏறியிருந்தது.

"பதறாதீங்க. நோய்த்தொற்று இருந்தாலும் இது ஏறும். மாத்திரை சாப்பிட்டுட்டு திரும்ப எடுத்துப் பார்ப்போம். அப்பவும் இறங்கலன்னா பெரிய டாக்டர்கிட்ட அனுப்புறேன்" என்றார்.

இவ்வளவு நல்ல வார்த்தை சொன்னார். என் காதில் விழுந்தது 'பெரிய டாக்டர்' மட்டும்தான். ரயில்வே கேட்டில் வண்டியை நிறுத்தினேன். கேட் திறப்பதற்குள் என் கருமாதியே மனசுக்குள் நடந்து முடிந்துவிட்டது. வடையில் உப்பில்லை என்று உங்கள் சித்தப்பா குறை சொன்னதுவரைக்கும்!

யாரிடமும் சொல்லவில்லை. வெண்ணிலா காலேஜ் முதல் வருஷம், தினேஷ் பத்தாவது. நான் இல்லாமல் போனால் வீட்டில் மிச்சம் இருப்பது தவணை முடியாத ஒரு குட்டியானை. அதனால் ரெண்டு காரியம் செய்தேன்.

ஒன்று, உங்கள் முரளி மாமாவுக்குப் போன் போட்டு ஒரு பாலிசி கேட்டேன். அவன் இன்சூரன்ஸ் ஏஜென்ட் ஆன நாளிலிருந்து அவனைக் கண்டால் பக்கத்துச் சந்தில் நுழைந்துவிடுகிறவன் நான். "பாவா, நீயா கேக்குற? அக்கா பக்கத்துல இருக்காளா? குடிச்சிருக்கியா?" என்றான்.

ரெண்டு, முருகனுக்கு முடி. ஊரில் எல்லாரும் காரியம் முடிந்த பிறகுதான் வேண்டுதலைச் செலுத்துவார்கள். நான் முன்கூட்டியே செலுத்திவிட்டேன். (முதல் பிரீமியம் மாதிரி வச்சுக்குங்களேன்.) உங்கள் அம்மாவிடம் "வியாபாரத்துக்கு வேண்டுதல்" என்றேன். திருத்தணியில் மொட்டைத் தலையைப் பார்த்து யார் காரணம் கேட்கப்போகிறார்கள்? அந்தத் தைரியம்தான்.

மலையிலிருந்து இறங்கி வீட்டுக்குள் நுழைந்தால், முரளி போனைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறான். மீசைகூட இல்லாத என் முகத்தைப் பார்த்ததும் தலையில் கை வைத்தான்.

"இன்னிக்கா பாவா மொட்டை போடுவ? பாலிசிக்கு விசாரிக்க இன்சூரன்ஸ் கம்பெனி டாக்டர் வீடியோவுல வந்துகினு இருக்காங்க!"

சர்க்கரை டப்பாவில் போனைச் சாய்த்து வைத்தான். போனுக்குப் பின்னால் அம்மா, முரளி, நீங்கள் ரெண்டு பேர் என்று நாலு பேரும் சினிமா பார்க்கிற மாதிரி நின்றீர்கள். போனுக்குள் ஒரு டாக்டரம்மா. வெண்ணிலாவைவிட ஏழெட்டு வயசு கூட இருக்கும்.

"ஐயா, தலையில மஞ்சளா என்ன? மருந்தா?"

"சந்தனம் மேடம்."

"முடி? ஏதாவது சிகிச்சையில கொட்டிடுச்சா?"

"இல்ல மேடம், வேண்டுதல்."

"என்ன வேண்டுதல்?"

இந்த ஊரில் யாரும் கேட்காத கேள்வி. நான் முழித்தேன். போனுக்குப் பின்னால் முரளி வெண்ணிலாவைக் காட்டி, கழுத்தில் தாலி கட்டுகிற மாதிரி ஜாடை காட்டினான்.

"பொண்ணு கல்யாணத்துக்கு மேடம்."

"என்னாது? எனக்கா? யாரைக் கேட்டு நைனா?" என்று, வெண்ணிலா, நீ போட்ட சத்தத்தில் டப்பா சரிந்தது. போன் கீழே விழுந்தது. டாக்டரம்மாவுக்குக் கொஞ்ச நேரம் நம் வீட்டு உத்திரம்தான் தெரிந்தது.

தினேஷ் எடுத்து நிறுத்தினான். டாக்டரம்மா சிரிக்கவில்லை. பொறுமையாகக் கேட்டார்: "ஐயா, சமீபத்துல ஏதாவது டெஸ்டு எடுத்து, ரிசல்ட் சரியில்லன்னு சொன்னாங்களா?"

'இல்லை' என்று சொல்லலாம். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அப்போது ஒன்று தோன்றியது. நான் போன பிறகு நீங்கள் ரெண்டு பேரும் ஒரு ஆபீசில் போய் நிற்பீர்கள். 'உங்க அப்பா பொய் சொல்லியிருக்காரு, பணம் வராது' என்பார்கள். நான் விட்டுப்போகிற சொத்து அதுவாகவா இருக்க வேண்டும்?

மெல்லச் சொன்னேன்.

"ஐயா, விட்டு விட்டுக் கேக்குது. சத்தமா."

இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன்.

"கேக்கலைங்க."

லாரிக்கு வழிவிடச் சொல்லுகிற குரலில் கத்தினேன்: "புராஸ்டேட்டு மேடம்! ஒண்ணுக்குப் போற எடம்! ரத்தத்துல ஏறிகினு இருக்காம்! கேன்சரான்னு இன்னும் தெரியல!"

தெருவில் ஓடிக்கொண்டிருந்த கிரைண்டர் நின்றது. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து மெக்கானிக் பாஷாவின் குரல் வந்தது: "அண்ணே, எனக்கும் அதே கதிதான்! எந்த டாக்டரு?"

உங்கள் அம்மா அழவில்லை. "வியாபாரத்துக்கு வேண்டுதலா?" என்று மட்டும் கேட்டாள்.

'இப்போதைக்குத் தள்ளி வைக்கிறோம், மறுபரிசோதனை முடிந்ததும் வாருங்கள்' என்று கம்பெனி சொல்லிவிட்டது. அந்த இடைப்பட்ட நாட்களில் என்னிடம் முடியும் இல்லை, பாலிசியும் இல்லை. ஆனால் தனியாகச் சுமந்த பயத்தை ஆளுக்குக் கொஞ்சம் தூக்கிக்கொண்டீர்கள். தினேஷ் மாத்திரை எடுத்து வைத்தான். அம்மா சொல்லாமலே டாக்டர் ரூமுக்குள் கூடவே வந்தாள். பாஷாவும் நானும் ஒன்றாகப் போய் ரத்தம் கொடுத்தோம். எனக்கு அளவு இறங்கியிருந்தது, முழுசாக இல்லை. பெரிய டாக்டர் ஸ்கேன் எடுத்துப் பார்த்து, சந்தேகப்படும்படி ஒன்றும் தெரியவில்லை, வருஷத்துக்கு ஒருமுறை டெஸ்டு எடுத்தால் போதும் என்றார். அந்தக் காகிதங்களை எல்லாம் வைத்துத்தான் பாலிசி வந்தது, கொஞ்சம் கூடுதல் பிரீமியத்தோடு.

அதற்குள் அம்மா என் முடியையே இன்னொரு தடவை முருகனுக்கு நேர்ந்துவிட்டிருந்தாள். (என்னைக் கேட்கவில்லை. கேட்கிற நிலைமையில் நான் இல்லை.) பாலிசி கைக்கு வரும்வரை முரளி தினமும் போன் போட்டு, "பாவா, மலைப் பக்கம் போயிடாத" என்று கெஞ்சிக்கொண்டிருந்தான். இப்பவும் நம் வீட்டில் யாராவது மொட்டை போடக் கிளம்பினால், "வீடியோ கால் எதுவும் இல்லையே?" என்று கேட்காமல் அவன் விடுவதில்லை.

இப்போது டெஸ்டு ரிசல்ட் என் போனுக்கு வருவதில்லை. வெண்ணிலா, உன் போனுக்குத்தான் வருகிறது. அது நீ போட்ட சட்டம். நீ முகத்தில் ஒன்றும் காட்டாமல் கடைசி வரி வரை படிப்பாய். நான் சாவியைத் தேடுகிற மாதிரி சட்டைப்பையைத் துழாவிக்கொண்டு நிற்பேன். அப்புறம் என் தலையைப் பார்த்துச் சொல்வாய்:

"முடி இருக்கட்டும் நைனா."