குமிழி நகரவில்லை

செடிக்கிளை ஒன்றைச் செருகிய கண்ணாடிக் குழாய்க்குள் இருந்த காற்றுக்குமிழி பத்து நிமிடமாக ஒரே இடத்தில் நின்றது. இலைகள் நீரை ஆவியாக வெளியே விட, தண்டு குழாயிலிருந்து நீரை இழுக்கும். குமிழியும் கூடவே நகரும். பாடப்புத்தகம் அப்படித்தான் சொல்கிறது.

ஆசிரியர் நூருல் அமீன் கடைசி வரிசையைப் பார்க்காமல் இருக்க முயன்றார். டியூஷன் நிலையத்தின் தலைவி சாதியா அங்கே நோட்டோடு உட்கார்ந்திருந்தார். எட்டு மாதம் வேலையில்லாமல் இருந்த நூருல் அமீனுக்கு சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவின் இந்த மாடி வகுப்பறைதான் கிடைத்தது. வேலை நிரந்தரமா இல்லையா என்பதை இன்றைய வகுப்பு முடிவு செய்யும்.

"காத்து அதிகமானா நீராவிப்போக்கும் அதிகமாகும். ஃபேன் போடுங்க."

ஃபேன் சுற்றியது. மாணவன் ரித்திக்கின் ஒர்க்ஷீட் பறந்தது. குமிழி அசையவில்லை.

"சரி, வெப்பத்தைப் பாப்போம்." ஃபேனையும் ஏர்கானையும் நிறுத்திவிட்டு, மேசை விளக்கைக் குழாய்க்குப் பக்கத்தில் வைத்தார்.

"சார், செடியைத் தவிர எல்லாருக்கும் தண்ணி வெளிய போகுது," என்றாள் சுஷ்மிதா, நெற்றியைத் துடைத்தபடி.

விளக்கின் சூட்டில் குழாய் நீர் விரிந்தது. ஒருவழியாகக் குமிழி நகர்ந்தது, பின்பக்கமாக.

"ரிவர்ஸ்ல போகுது சார்."

"ரித்திக், நீ அளவை எழுது."

"அப்பவே எழுதிட்டேன் சார். ஃபேன் இல்லாம எட்டு மில்லிமீட்டர், ஃபேனோட இருபது. என் இன்னொரு டியூஷன்ல போன வாரமே ஆன்சர் கொடுத்துட்டாங்க லா."

சாதியா ஏதோ குறித்துக்கொண்டார்.

நூருல் அமீன் அவருக்குக் குழாய் தெரியாதபடி நகர்ந்து நின்றார். குமிழியை இடம் மாற்றக் குழாயின் பக்கவாட்டில் பொருத்தியிருந்த சிரிஞ்சை மெல்ல இழுத்தார். குமிழி சரியாக இருபது மில்லிமீட்டர் முன்னால் ஓடியது.

"பாத்தீங்களா? காத்து பட்டா இப்படித்தான்."

"ஃபேனை நிறுத்தி அஞ்சு நிமிஷமாச்சு சார்," என்றாள் சுஷ்மிதா.

"செடிக்கு உறைக்க நேரமாகும்மா. எல்லாரும் இருபதுன்னு எழுதுங்க."

பன்னிரண்டு பேனாக்கள் எழுதின. சாதியா நோட்டை மூடினார். "தேங்க்ஸ் சார். ஆபீஸ்ல பேசுவோம்," என்று சொல்லிவிட்டுப் போனார். குரலில் கோபம் இல்லை. நூருல் அமீனுக்கு அது போதுமானதாக இருந்தது.

பிள்ளைகள் கலைந்ததும், காலையில் கருவியைப் பொருத்தித் தந்த உதவியாளர் அழகர்சாமி மேசையைத் துடைக்க வந்தார்.

"தப்பிச்சேன் அண்ணே. இந்தச் செடி காலை வாரியிருக்கும்."

அழகர்சாமி அவர் முகத்தைப் பார்க்காமல் கிளையைக் குழாயிலிருந்து உருவினார்.

"செடி மேல தப்பில்லை சார், சொட்டுத் தண்ணி வெளிய போகக்கூடாதுன்னு இலைக்கடியில முழுக்க வாசலின் தடவச் சொன்னதே மேடம்தான், ஜீரோ வந்தா ஜீரோன்னு எழுதச் சொல்ற வாத்தியாரைத்தான் தேடிக்கிட்டிருக்காங்க."