இடி இடித்தால் வெளியே ஓடியவர்

கோயம்புத்தூரில் இடி இடித்தால் எல்லோரும் வீட்டுக்குள் ஓடுவார்கள். வெளியே ஓடிய ஒரே மனிதர் எங்கள் பக்கத்து வீட்டுப் புத்துக்காரர்தான். அவருடைய நிஜப்பெயர் அவர் மனைவிக்காவது தெரியுமா என்பது எனக்குச் சந்தேகம்.

தொண்ணூறுகளில் எங்கள் காலனியைத் தாண்டினால் சோளக்காடு. இடி கேட்டதும் கேட்டில் வந்து நிற்பார்; மழை விட்டதும் கடப்பாரையோடு மொபெட்டில் கிளம்புவார். இடி இடித்தால் கரையான் புற்றில் முளைக்கும் காளானோடு திரும்புவார். இடத்தை மட்டும் சொல்ல மாட்டார். யாராவது பின்தொடர்ந்தால் மொபெட்டை ஓரங்கட்டிவிட்டுப் பொள்ளாச்சி பஸ்ஸில் ஏறி, பின்னால் வந்தவரையும் பொள்ளாச்சி வரை இழுத்துப்போய்விட்டு, வெறுங்கையோடு திரும்புவார். நான் போயிருக்கிறேன்.

காளானில் ஒரு பங்கு எங்கள் வீட்டுக்கும் வரும். குழம்பு கொதிக்கும்போதே என் மனைவி ஆரம்பித்துவிடுவாள். "மனுசன்னா இப்புடி இருக்கோணுமுங்க." இடி இடித்தால் அவள் கண் அவர் கேட்டுக்குத்தான் போகும். எனக்கு வயிறு எரியும். குழம்பை மட்டும் இரண்டு முறை ஊற்றிக்கொள்வேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே கத்தியோடு கிளம்பினேன். வேலியோரம் ஒரு புற்றருகே வெள்ளைவெளேரென்று ஒரு கூட்டம். கீரை அறுப்பதுபோல் மண்ணோடு ஒட்ட அறுத்துக்கொண்டு, மார்பை நிமிர்த்தி வீட்டுக்கு வந்தேன். மனைவி அடுப்பைப் பற்றவைக்கவில்லை. "அண்ணன் பாத்துச் சொல்லட்டுமுங்க" என்றாள்.

புத்துக்காரர் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"வேரு எங்கீங்க?"

"அறுத்துப்போட்டேனுங்க."

"அடக் கெரகமே! கீழ கரையான் பண்ணயம் பண்ணுதுங்க, மேல வெளையறதுதான் இது. வேரு கரையான் கூடு வரைக்கும் போனாத்தானுங்க புத்துக்காளான். இதை நம்பி அம்மணிக்கு எப்புடிங்க குடுக்கறது?"

அத்தனையையும் குப்பைக்குழியில் கொட்டிவிட்டார். பொறாமை பிடித்த மனிதர் என்று நினைத்தேன். வாய்விட்டே சொன்னேன்.

அவர் கடப்பாரையை எடுத்தார். "எடத்தைக் காட்டுங்க."

நான் அறுத்த இடத்தைத் தோண்டினார். வெள்ளை வேர் முழங்கை ஆழம் இறங்கி, கரையான் கூட்டில் போய் முடிந்தது. அசல் புத்துக்காளான். அவருக்கே தெரியாத இடம். அவர் முகம் தொங்கிப்போயிற்று. நான் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

"நல்ல காளானைக் கொட்டிப்போட்டேனுங்க" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இந்த எடத்தை ஆருக்கும் சொல்லீராதீங்க."

அடுத்த முறை இடி இடித்தது. மனைவி வழக்கம்போல் அவர் கேட்டைப் பார்த்தாள். அவரோ கடப்பாரையோடு எங்கள் கேட்டில் நின்றிருந்தார். "ஏனுங்க, உங்க எடத்துக்குப் போலாமுங்களா?"

அவர் தனியாகவே போயிருக்கலாம். யார் கேட்கப்போகிறார்கள்? ஆனால் நாங்கள் போகும்போதெல்லாம் அந்தக் காளான் கைபடாமல்தான் இருந்தது. நான் இல்லாமல் அவர் அங்கே போனதே இல்லை.

இப்போது நாங்கள் ஈரோட்டில், அடுக்குமாடி வீட்டில். புத்துக்காரர் காலமாகி வருஷங்கள் ஆகிவிட்டன. இடி இடித்தால், மனைவிக்கு முன்னால் நான் எழுந்துபோய்க் கீழே கேட்டைப் பார்க்கிறேன்.