சமத்துவக் கிளைடரும் என் குறுக்களவும்

எனக்கு இழைக்கப்பட்ட அநீதிகளை வரிசை மாறாமல் சொல்லிவிடுகிறேன். வரிசை மாறினால் வரலாறு மாறிவிடும்.

முதல் அநீதி, ஆலையில் நடந்த முதல் வேலைநிறுத்தம். லாரியை மறித்து வாசலில் படுத்தவன் நான். வென்ற பிறகு வைத்த கல்வெட்டில் என் பெயர் இல்லை. படுத்திருந்ததால் யார் கண்ணிலும் படவில்லையாம்.

இரண்டாவது, ஊரையே உலுக்கிய கண்டனத் துண்டறிக்கை. எழுதியவன் நான். கீழே அச்சானது அச்சகத்தின் பெயர். அச்சகக்காரரைத்தான் மாலை போட்டுத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

மூன்றாவது, சங்கத்தின் வெள்ளிவிழாப் புகைப்படம். ஓரத்தில் நின்றேன். சட்டம் போட்டவன் படத்தை இடத்துக்கு ஏற்ப வெட்டிவிட்டான். இன்றும் அந்தப் படத்தில் செயலாளரின் தோள்மேல் ஒரு கை இருக்கிறது. அது என் கை.

நான்காவது, என் கைது. மறுநாள் பத்திரிகையில் செய்தி வந்தது: ‘தலைவர் மற்றும் பலர் கைது.’ அந்த ‘மற்றும் பலர்’ நான்தான். அன்றைக்குக் கைதானது நாங்கள் இரண்டே பேர்.

ஐந்தாவது அநீதிதான் இந்தக் கதை. அதைச் செய்தது முதலாளி வர்க்கம் இல்லை. என் சொந்த வீட்டின் தையல் மெஷின்.

எங்கள் ஊர் ஓரத்தில் ஒரு குன்றும், அதன் அடியில் ஒரு கிளைடர் கிளப்பும் உண்டு. கிளைடர் என்றால் எஞ்சின் இல்லாத விமானம். மேலே இழுத்துவிட்டால் காற்றை நம்பிப் பறக்கும். தேர்தல் வாக்குறுதி மாதிரி. ஆனால் இது பத்திரமாகத் தரை இறங்கும்.

ஒரு காலத்தில் அது பணக்காரர்களின் கிளப். பட்டறைத் தொழிலாளிக்கும் பறக்கும் உரிமை வேண்டும் என்று அதன் வாசலில் உட்கார்ந்தேன். மழையில் உட்கார்ந்தேன். வெயிலில் உட்கார்ந்தேன். கடைசியில் உள்ளே வரச் சொன்னார்கள். பறக்கக் கற்றேன், உரிமமும் வாங்கினேன். கிளப் பட்டறையின் பிரதிநிதியும் ஆனேன்.

அந்தக் கிளப்புக்குத்தான் சர்வதேசக் கிளைடர் போட்டி வந்தது. அதைவிடப் பெரிய செய்தி, போட்டியின் விதி. எந்த நாட்டு வீரராக இருந்தாலும் ஒரே மாதிரிக் கிளைடரில்தான் பறக்கவேண்டும். காசுள்ள நாட்டுக்கு நீள இறக்கை, காசில்லாத நாட்டுக்குக் குட்டை இறக்கை என்ற கதையே கிடையாது. அந்தப் பொதுக் கிளைடரின் முதல் மாதிரியை நாங்கள் செய்துகாட்டவேண்டும். வெளிநாட்டுப் பிரதிநிதிகள் பார்த்து ஒப்புக்கொண்டால், அதே வரைபடத்தை வைத்து எல்லா நாடும் கட்டும்.

நான் வாழ்நாளெல்லாம் தெருவில் கேட்ட சமத்துவம் வானத்தில் வந்துவிட்டது! இதற்காகக் கிளப் அமைத்த திட்டக் குழுவில் எழுந்து பேசினேன். மூன்று தடவை உட்காரச் சொன்னார்கள். உட்காரவில்லை.

அன்றே ஒரு சபதம் செய்தேன். பிரதிநிதிகள் முன்னால் முதல் மாதிரியை நான்தான் ஓட்டவேண்டும். மைக்கில், சாட்சிகள் முன்னால், என் பெயர் வாசிக்கப்படவேண்டும். நாலு அநீதிக்கும் அதுதான் வட்டியும் முதலும்.

வீட்டுக்குப் போனேன். வீட்டில் நடக்க இடமில்லை. கிளைடர் இறக்கைக்கான துணி கூடத்திலிருந்து சமையலறை வரை விரிந்து கிடந்தது. நடுவில் என் மனைவி, கழுத்தில் அளவு நாடாவோடு, மெஷினை மிதித்துக்கொண்டிருந்தாள். ஊரில் அவளைவிட நேராகத் தைப்பவர் கிடையாது. கிளப்பின் துணி வேலை எல்லாம் அவளுக்குத்தான் வரும். அதனால் வாரத்தில் பாதி நாள் அங்கேதான் இருப்பாள்.

முன்பு ஒரு தடவை என்னிடம் கேட்டாள், “ஏங்க, நானும் பறக்கக் கத்துக்கட்டுமா?”

“எல்லாரும் பறந்தா இறக்கையை யார் தைக்கிறது? சமத்துவம் கட்டங்கட்டமாத்தான் வரும்மா” என்று விளக்கினேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. அதற்குப் பிறகு கேட்கவே இல்லை.

இப்போது என்னைப் பார்த்ததும், “என்னங்க, முகம் பல்பு மாதிரி எரியுது?” என்றாள்.

சொன்னேன்.

“ரொம்ப சந்தோஷம். ஆனா பல் டாக்டர் விடுவாரா?”

பல் மருத்துவர்தான் கிளப்பின் தலைவர். திட்டக் குழுவுக்கும் தலைவர். வாயைத் திற என்று சொல்லியே பழகியவர். மற்றவர்கள் பேச வாயைத் திறந்தால் மட்டும் பிடிக்காது.

“அவரும் தான்தான் ஓட்டணும்னு நிக்கிறார். மைதானத்துக்கு நிலம் கொடுத்தது அவங்க அப்பாவாம்.”

“அப்ப விதி போட்டுடுங்க.”

“என்ன விதி?”

“எனக்கென்ன தெரியும்? நீங்கதானே எப்பவும் சொல்வீங்க, நிலம், பட்டம், பதவி எதுவும் செல்லக்கூடாதுன்னு. உரிமம் இருக்கணும். காக்பிட்டுல உட்கார்ந்தா கண்ணாடி மூடி மூடணும். அவ்வளவுதானே சமத்துவம்?”

எனக்குள் மின்னல் அடித்தது. “டாக்டரோட தொப்பை!”

“ஐயோ, நான் யாரையும் சொல்லலீங்க. நீங்கதான் சொன்னீங்க.”

“காக்பிட்டைச் சாதாரண உழைப்பாளியோட உடம்புக்கு அளவெடுத்துக் கட்டணும்!”

“அது யாரு?”

“நான்தான்.”

“அப்ப நீங்க உள்ள உட்காரணும். நாடா பிடிக்கிறது யாரு?”

“குழுத் தலைவர். டாக்டர்.”

“சரிங்க” என்றாள். ஊசியில் நூல் கோத்தாள்.

“என்னடி சரிங்க? இழுக்கறே?”

“ஒண்ணுமில்ல. அவர் கையில நாடா இருந்தா அங்குலம் எந்தப் பக்கம் நழுவும்னு யாருக்குத் தெரியும்? நான் தையல்காரி. எனக்கு நாடாவைப் பத்தி மட்டும்தான் தெரியும்.”

உண்மைதான். கருவி யார் கையில் இருக்கிறதோ அவனிடம்தான் அதிகாரம். இதை நானே துண்டறிக்கையில் எழுதியிருக்கிறேன்.

“நாடாவை நான் பிடிக்கிறேன்!” என்றேன். “உள்ளே உட்கார வேற ஆள் வேணுமே. என் உயரத்துக்கு.”

“வேலை தலைக்கு மேல இருக்கு” என்று பெருமூச்சு விட்டாள். “இருந்தாலும் உங்களுக்காகன்னா, நான் வேணா வந்து ஒரு நாழி உட்கார்றேன். நமக்குள்ள ஒரே உயரம்தானே.”

ஒரே உயரம்தான். நான் உயரத்தைப் பார்த்தேன். குறுக்களவைப் பார்க்கவில்லை. என் உடம்பு என்றால் என் நினைவில் இருப்பது உண்ணாவிரதக் காலத்து உடம்பு. அதற்குப் பிறகு நான் கண்ணாடியில் தாடியை மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

உரிமம் இருந்து, உட்கார்ந்தால் கண்ணாடி மூடியும் மூடினால்தான் ஓட்டலாம் என்று குழுவில் விதி போட்டேன். பிறகு பட்டறையில் அளவெடுப்பு நடந்தது. மரச்சட்டத்துக்குள் மனைவி உட்கார்ந்தாள். நான் நாடா பிடித்தேன். பட்டறைத் தச்சர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு நின்றார். டாக்டர் மூக்குக் கண்ணாடி வழியாக என்னையே பார்த்தார்.

“தோழர், இடுப்புக்கு எவ்வளவு தளர்வு விடட்டும்?” என்றார் தச்சர்.

“நாலு விரல்” என்றேன். எனக்காகத்தான்.

“நாலு போதாது. ஒரு சாண் விடுங்க” என்றார் டாக்டர்.

“ஒரு சாணா! எதுக்கு? சாய்வு நாற்காலி போடவா?”

“மனுஷன் மூச்சு விடவேண்டாமா?”

“உழைக்கிறவன் அளவாத்தான் மூச்சு விடுவான், டாக்டர்!”

மனைவி சட்டத்துக்குள்ளிருந்து என் காதோரம் மெல்லச் சொன்னாள். “ஏங்க, நாலு விரல் விட்டாலே அவர் மூச்சை அடக்கிட்டு நுழைஞ்சிடுவாரே. பரவாயில்லையா?”

ரத்தம் கொதித்தது. “ஒரு விரல்கூடக் கூடாது!” என்று கத்தினேன். “எடுத்த அளவு எடுத்ததுதான். இதுக்குப் பிறகு யாருடைய செல்வாக்குக்காகவும், எந்தக் காரணத்துக்காகவும் நூலளவுகூட மாத்தக்கூடாது. பிரதிநிதிகள் வர்ற வரைக்கும் யாரும் உள்ளே உட்காரவும் கூடாது. எழுதுங்க!”

எழுதினார்கள். டாக்டர் முனகிக்கொண்டே கையெழுத்துப் போட்டார். காக்பிட்டுக்கு நானே அரக்கு முத்திரை வைத்தேன்.

அன்று மாலை வெற்றிக் களிப்போடு சாப்பிட உட்கார்ந்தேன். மனைவி தட்டை நிரப்பினாள். காலியானது. மறுபடியும் நிரப்பினாள்.

“போதும்மா.”

“போராடின உடம்பு. தெம்பு வேண்டாமா? இந்த முட்டையையும் எடுத்துக்கோங்க.”

“அந்தப் பெயர் வாசிக்கிற விஷயம்...” என்றேன் வாய் நிறைய. “டாக்டரே என் பெயரை வாசிக்கணும். அவர் முகத்தை நான் பார்க்கணும்.”

“வேண்டாங்க.”

“ஏன்?”

“இதுவரைக்கும் உங்க பெயரை மத்தவங்க கையில விட்டு என்ன ஆச்சு? கல்வெட்டு ஆச்சா? துண்டறிக்கை ஆச்சா? அவர் வாசிக்கும்போது தொண்டை கட்டிக்கும். மைக் அணைஞ்சிடும். ‘மற்றும் பலர்’னு போயிடும். விதியை எழுதினவரே வாசிக்கணும்னு போட்டுடுங்க.”

“என் பெயரை நானே வாசிச்சா தற்பெருமை ஆகாதா?”

“விதிப்படி வாசிச்சா அது கடமைங்க.”

எனக்குக் கண் கலங்கியது. இத்தனை வருஷம் ஒரு வழக்கறிஞரைத் தையல் மெஷினுக்குப் பின்னால் உட்காரவைத்திருந்தேனே என்று நினைத்தேன். மறுநாளே குழுவில் அந்த விதியையும் நிறைவேற்றினேன்.

கிளைடர் உருவாகும் வரை நான் பட்டறை வாசலை விட்டு நகரவில்லை. டாக்டர் உள்ளே புகுந்து எதையாவது இழைத்துவிடக்கூடாதே! மனைவி வேளாவேளைக்குச் சாப்பாட்டுத் தூக்கு அனுப்பினாள். உட்கார்ந்த இடத்திலேயே சாப்பிட்டேன். காவலுக்குக் காவல், சாப்பாட்டுக்குச் சாப்பாடு.

பிரதிநிதிகள் வந்தார்கள். மைதானத்தில் நாற்காலி வரிசைகள், மைக், கம்பத்தில் காற்றின் திசை காட்டும் துணிப்பை. நடுவில் எங்கள் கிளைடர், வெள்ளைத் துணி இறக்கையோடு. தலைமைப் பரிசோதகர் ஒல்லியான அம்மையார். விதிகளை ஒரு எழுத்து விடாமல் படித்துவிட்டு வந்திருந்தார். முத்திரையை உடைத்தார்.

தலைவர் என்ற மரியாதைக்கு டாக்டரை முதலில் கூப்பிட்டார்கள். டாக்டர் ஒரு காலை உள்ளே விட்டார். அந்தக் காலே இடத்தை நிரப்பிவிட்டது. இன்னொரு காலை வைக்க இடம் தேடினார். வெளியேதான் இருந்தது.

சிரித்தேன். சத்தமாகச் சிரித்தேன். பிறகு என் முறை.

சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு நடந்தேன். இரண்டு காலும் நுழைந்தன. பார்த்தீர்களா உழைக்கும் வர்க்கத்தை என்று கூட்டத்தைப் பார்த்துக் கையசைத்தேன். உட்கார்ந்தேன்.

உட்காரவில்லை.

இடுப்பு பாதி வழியில் நின்றுவிட்டது. அழுத்தினேன். மரம் முனகியது. மூச்சை அடக்கினேன். தச்சர் கண்ணாடி மூடியைச் சாய்த்துப் பார்த்தார். அது என் நெஞ்சில் வந்து நின்றது.

“தோழர், இன்னும் கொஞ்சம் கீழே போங்க.”

“இதுக்குக் கீழே நான் இல்லை!”

சரி, எழுந்துவிடலாம் என்று பார்த்தேன். அதுவும் முடியவில்லை. ஒரு கையைத் தச்சர் பிடித்தார். இன்னொரு கையை டாக்டர் பிடித்தார். உழைப்பாளியும் பணக்காரரும் ஒன்றாகக் கை சேர்த்ததை நான் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன். சேர்ந்து என்னைப் பிடுங்கினார்கள். “பல்லுன்னா மரத்துப்போக ஊசி போட்டிருப்பேன்” என்றார் டாக்டர்.

வெளியே வந்து மூச்சு வாங்கினேன். “அம்மா, நாலே நாலு விரல்! இப்பவே இழைச்சிடலாம்!”

பரிசோதகர் விதியைத் திறந்தார். “‘எந்தக் காரணத்துக்காகவும் நூலளவுகூட மாற்றக்கூடாது.’ இதை எழுதச் சொன்னது யார்?”

கூட்டமே என்னைக் கை காட்டியது. வாழ்க்கையில் முதல் தடவையாக என் எழுத்து என்னுடையது என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்.

“அப்போ யார் ஓட்டுவார்கள்?” என்றார் அவர்.

“ஏங்க, கொஞ்சம் நகருங்க” என்று பின்னால் குரல் கேட்டது.

என் மனைவி. நாடாவைக் கழற்றி என் கழுத்தில் போட்டாள். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். உள்ளே காலை நீட்டி உட்கார்ந்தாள். கால்மிதியில் கால் சரியாகப் போய் நின்றது. தச்சர் மூடியைச் சாய்த்தார். டப்பாவுக்கு அதன் மூடி பொருந்துகிற மாதிரி மூடிக்கொண்டது.

“உரிமம் வேணுமே!” என்று கத்தினேன். “விதி இருக்கு! உரிமம்!”

கிளப்பின் பயிற்சியம்மா பக்கத்தில் வந்தார். “அதெல்லாம் எப்பவோ வாங்கிட்டாங்க, தோழர். தைக்க வர்ற நாளெல்லாம் ஒரு ரவுண்டு பறந்துட்டுத்தான் போவாங்க. உங்களுக்குத் தெரியாதா?”

“நான் எங்கே இருந்தேன்?”

“திட்டக் குழுவுல.”

மூடியின் ஓரத்தில் இருந்த சிறு ஜன்னலில் மனைவியின் முகம் தெரிந்தது. “கோச்சுக்காதீங்க. கட்டங்கட்டமாத்தான் வந்தேன்.”

பரிசோதகர் கிளைடரைச் சுற்றி வந்தார். இறக்கைத் தையலைத் தடவிப் பார்த்தார். “சிக்கனமான உடல். எடை குறைவு. இதுதான் பொதுக் கிளைடர்” என்றார்.

“மத்த நாட்டு வீரர்கள் எப்படி இதுக்குள்ள போவாங்க?” என்றேன், கடைசி நம்பிக்கையோடு.

“மெலியட்டும்” என்றார். பிறகு மனைவியின் உரிமத்தை வாங்கி என்னிடம் நீட்டினார். “விதிப்படி நீங்கள்தானே வாசிக்கவேண்டும்? சாட்சிகள் காத்திருக்கிறார்கள்.”

மைக் முன்னால் நின்றேன். இத்தனை வருஷம் காத்திருந்த மைக். சத்தம் தெளிவாக இருந்தது. உரிமத்தைப் பார்த்தேன். மனைவியின் பெயரோடு ஓரத்தில் எங்கேயாவது என் பெயரும் ஒட்டிக்கொண்டிருக்கும் என்று தேடினேன். பிறந்த வீட்டுப் பெயரோடு வாங்கியிருந்தாள்.

வாசித்தேன்.

சின்ன ஜன்னல் திறந்தது. “பின் வரிசைக்குக் கேக்கலைங்க. இன்னொரு தடவை, கோஷம் போடற மாதிரி.”

போட்டேன்.