ராசாத்தி தூங்கப் பாடிய ஒப்பாரி

குழந்தையைத் தூங்க வைப்பது பெண்களுக்குத் தானாக வரும் என்று சொல்லும் ஆண்கள் நிறையப் பேரைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் பொய் சொல்லவில்லை. பெண்கள் அந்த வேலையைச் செய்தபோதெல்லாம் இவர்களும் தூங்கிக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான். நானும் அந்தக் கட்சியில்தான் இருந்தேன். என் மனைவி ராக்கு என்னை அதிலிருந்து வெளியே இழுத்துப் போட்டாள்.

அது உலகச் சண்டை நடந்த காலம். மதுரை மில்கள் இரவும் பகலும் ஓடின. ராக்குவும் நானும் ஒரே மில்லில் வேலை பார்த்தோம். மில்லுக்குப் பக்கத்தில் ஒரு வளவில் குடியிருந்தோம். நடுவில் கிணறு, சுற்றிலும் ஒட்டி ஒட்டி வீடுகள். ஒரு வீட்டில் கடுகு தாளித்தால் எல்லா வீட்டிலும் தும்முவார்கள்.

எங்களுக்கு முதலில் ஒரு பையன் பிறந்தான். சோணைமுத்து என்று பெயர் வைத்தோம். அப்போது இருவருக்குமே பகல் வேலை. பிள்ளையை எதிர்வீட்டு மூக்கம்மா அக்காவிடம் விட்டுவிட்டுப் போவோம். காலையில் சிரித்துக்கொண்டிருந்தவனுக்குக் காய்ச்சல் கண்டு, மத்தியானத்துக்குள் முடிந்துபோனது. வளவு வாசலில் தையல் மிஷின் போட்டிருந்த ரஹீம் பாய்தான் சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்து, மில் வாசலில் நின்று ராக்குவைக் கூப்பிட்டார். மூக்கம்மா அக்காவைக் குறை சொல்ல முடியாது. தன் பிள்ளை மாதிரிதான் பார்த்தாள். ஆனால் அந்த நேரத்தில் பெற்றவர்கள் கை அவன் மேல் இல்லை. அந்த நினைப்பு ராக்குவை விடவேயில்லை.

வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருந்திருக்கலாமே என்று கேட்பீர்கள். கேட்டவர்கள் உண்டு. சோணை போன பிறகு அந்த வீட்டுக்குள் பகலில் தனியாக உட்கார அவளால் முடியவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். மில்லில் மிஷின் போடும் சத்தத்தில்தான் தலைக்குள் கொஞ்சம் அமைதியாக இருக்கிறது என்று ஒருநாள் சொன்னாள். அதற்குப் பிறகு வேலையை விடு என்று நான் சொன்னதில்லை.

அடுத்து பஞ்சவர்ணம் பிறந்தாள். பிள்ளைக்குத் தலை நின்றதும் ராக்கு என்னை எதிரில் உட்காரவைத்துப் பேசினாள். (அவள் என் தாய்மாமன் மகள். என்னை மாமா என்றுதான் கூப்பிடுவாள்.)

“மாமா, நீங்க ராத்திரி ஷிப்டுக்கு மாத்திக்கங்க. ரெண்டு பேத்துல ஒருத்தர் கை எப்பவும் புள்ள மேல இருக்கணும். பகல்ல ஒங்க கை. பொழுது சாஞ்சா என் கை.”

“அப்ப சோறு, தண்ணி, துணி?”

“அதெல்லாம் சங்குக்குச் சங்கு.”

மில்லில் ஊதுகிற சங்கைத்தான் சொன்னாள். காலைச் சங்கிலிருந்து மாலைச் சங்குவரை வீட்டில் என்ன வேலை வந்தாலும் என்னுடையது. அதற்குப் பிறகு வருவதெல்லாம் அவளுடையது. நடுவில் பேச்சே கிடையாது. சாயங்காலம் நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மில் வாசலுக்குப் போவேன். அவள் வெளியே வருவாள், நான் உள்ளே போவேன். காலையில் இது தலைகீழாக நடக்கும். மில்லில் ஒரு வழக்கம் உண்டு. அடுத்த ஷிப்டுக்காரனிடம் மிஷினைத் துடைத்துச் சுத்தம் செய்துதான் ஒப்படைக்க வேண்டும். ராக்கு அதையும் விடவில்லை. வாசலில் பிள்ளையை வாங்கியதும் துணியை விலக்கி அடியில் ஒரு பார்வை பார்ப்பாள்.

“மிஷினத் தொடைக்காமக் குடுக்கிறீகளே மாமா” என்பாள். உள்ளே போகிறவர்களெல்லாம் சிரிப்பார்கள். நான் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு நழுவிவிடுவேன்.

நான் பிறவியிலேயே கூச்சக்காரன். கடையில் மீதிச் சில்லறை கேட்கக்கூட நாக்கு எழும்பாது. அப்படிப்பட்டவன், ஒரு வளவுப் பெண்கள் பார்க்க, கிணற்றடியில் உட்கார்ந்து பெண்டாட்டி சேலையைத் துவைக்க முடியுமா? கதவைச் சாத்தித் தாழ் போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் உள்ளேயே செய்தேன். தொட்டித் தண்ணீரில் துவைத்து, வீட்டுக்குள்ளேயே கயிறு கட்டிக் காயப்போட்டேன். அம்மி அரைக்கும்போது சத்தம் வெளியே கேட்காமலிருக்க அடியில் சாக்கை விரித்தேன். (அப்படியும் கேட்டது. வளவில் எல்லாருக்கும் எல்லாமே தெரியும் என்பது எனக்கு மட்டும்தான் தெரியாமல் இருந்தது.)

சோறு வந்துவிட்டது. குழம்பும் ஒருமாதிரி வந்தது. வராதது பிள்ளைக்குத் தூக்கம். அவள் தூங்கினால்தான் ராத்திரி முழுக்க நின்று வேலை பார்த்துவிட்டு வந்த நான் தூங்க முடியும். ஆட்டிப் பார்த்தேன், தட்டிப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன். கடைசியில், என் அம்மா எனக்குப் பாடின பாட்டைப் பாடிப் பார்த்தேன். இரண்டு அடி பாடுவதற்குள் தோளில் தலை சாய்ந்துவிட்டது. எனக்கே ஆச்சரியம்.

என் அம்மா சோழவந்தானில் கொடிக்காலுக்கு வெற்றிலை கிள்ளப் போவாள். நான் வயிற்றில் இருக்கும்போதே அப்பா போய்விட்டார். சாயங்காலம் வேலை முடிந்து வந்து, என்னை மடியில் போட்டுக்கொண்டு இதைத்தான் பாடுவாள். எனக்குத் தெரிந்த ஒரே பாட்டு அது.

“இலையில சோறு பாதி, எறச்ச தண்ணி பாதி,
வயித்துல புள்ள பாதி, வாழ்ந்த வீடு பாதி,
பாதியில எந்திரிச்சு எங்க போனீக ராசாவே.”

ராசா என்றது என்னைத்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். விளையாடப் போகிற என்னை, பாதிச் சாப்பாட்டில் எழுந்து எங்கேயடா போகிறாய் என்று செல்லமாகக் கேட்கிறாள் என்று. மற்ற அடிகளுக்கு அர்த்தம் யோசித்ததில்லை. அம்மா மடியில் கேட்ட பாட்டுக்கு யார் அர்த்தம் யோசிக்கிறார்கள்? பெண்பிள்ளை என்பதால் நான் கடைசி இரண்டு சொல்லைத்தான் மாற்றினேன். “எங்க போன ராசாத்தியே” என்று பாடினேன்.

அதுவரை மெதுவாக, முணுமுணுப்பாகத்தான் பாடிவந்தேன். அன்றைக்குப் பிள்ளைக்குப் பல் முளைக்கிற நேரம். ஒரேயடியாக அழுதாள். நானும் குரலை உயர்த்த வேண்டியிருந்தது. என் குரல் கீச்சுக் குரல். பிள்ளையின் அழுகை அடங்கி, என் குரல் மட்டும் வளவுக்குள் போய்க்கொண்டிருந்திருக்கிறது. சாத்திய கதவுக்கு உள்ளேயிருந்து.

வெளியே நடந்ததை மூக்கம்மா அக்கா பிற்பாடு சொல்லித்தான் அறிந்தேன். முதலில் கேட்டவள் அவள். கையிலிருந்த கீரையை அப்படியே போட்டுவிட்டு மற்றவர்களைக் கூட்டிவிட்டாள். எல்லாரும் கதவில் காதை வைத்தார்கள். உள்ளே ஒப்பாரி என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. செத்தது யார் என்பதில்தான் அபிப்பிராய பேதம்.

“மவுத்தானது யாரும்மா?” என்று ரஹீம் பாய் கேட்டிருக்கிறார்.

“புருசன் செத்த பாட்டுல்ல கேக்குது பாய்” என்றாளாம் அக்கா.

“அப்ப மாப்ள போயிட்டாரா?”

“அவுக போயிட்டா பாடுறது யாரு? ராக்குதான் மில்லுக்குப் போயிருச்சே.”

“வயித்துல புள்ளைங்குதே, ராக்கு முழுகாம இருந்துச்சா?” என்று இன்னொருத்தி கேட்டாளாம். அதற்குள் உள்ளேயிருந்து “எங்க போன ராசாத்தியே” என்று நான் இழுத்திருக்கிறேன். அத்தோடு, செத்தது பிள்ளைதான் என்று அவர்களுக்கு விளங்கிவிட்டது. பாய் சைக்கிளை எடுத்தார்.

பிறகு கதவைத் தட்டினார்கள். என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். பிள்ளை அப்போதுதான் கண் அயர்ந்திருக்கிறாள். தலைக்கு மேலே ராக்குவின் சேலை சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வடித்துக்கொண்டிருக்கிறது. என் இடுப்பில் செருகிய வேட்டியில் மஞ்சள்பொடி. இந்தக் கோலத்தில் கதவைத் திறப்பேனா? பாட்டை நிறுத்தி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தட்டிவிட்டுப் போய்விடுவார்கள் என்று நினைத்தேன். சத்தம் நின்றதும் அவர்கள் இன்னும் பயந்துபோனார்கள். பிள்ளையைப் பறிகொடுத்தவன் தன்னையும் ஏதோ செய்துகொண்டான் என்று.

தாழ்ப்பாள் பிய்ந்துகொண்டு வந்தது. ஈரச் சேலைக்குக் கீழே நான், என் தோளில் துவண்டு கிடக்கும் பிள்ளை. அதைப் பார்த்ததும் மூக்கம்மா அக்கா மார்பில் அடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டாள். மற்றவர்களும் சேர்ந்து வைத்த கூப்பாட்டில் பஞ்சவர்ணம் விழித்துக்கொண்டு வீறிட்டாள்.

பிறகு ஒருத்தி சிரித்தாள். எல்லாரும் சிரித்தார்கள். அழுத கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்கள். நான் செய்த முதல் காரியம் என்ன தெரியுமா? கயிற்றிலிருந்த சேலையை உருவி என் பின்னால் ஒளித்தேன்.

“பாய் எங்கே?” என்று யாரோ கேட்டார்கள். சிரிப்பு நின்றது.

ராக்கு ஓடி வந்தாள். தலைமுடியெல்லாம் பஞ்சு. காலில் கல் குத்தி ரத்தம். மில் வாசலில் பாய் நின்றதைப் பார்த்ததுமே அவள் எதையும் கேட்கவில்லையாம். போனால் திரும்ப வராதே என்று மேஸ்திரி சொன்னதும் அவள் காதில் விழவில்லையாம். வளவுக்குள் நுழைந்தவள், என் தோளில் அழுதுகொண்டிருந்த பிள்ளையைப் பார்த்தாள். கையை நீட்டி வாங்கவில்லை. அப்படியே கிணற்றுத் திட்டில் உட்கார்ந்து, பக்கத்தில் வந்து நின்ற என் தோளில் கிடந்த பிள்ளையின் பாதத்தை மட்டும் பிடித்துக்கொண்டாள். விடவேயில்லை.

மூக்கம்மா அக்கா நடந்ததைச் சொல்லி முடித்து, தன் தீர்ப்பையும் சொன்னாள். “பொம்பள வேலையப் பொம்பள பாக்கணும் ராக்கு. ஆம்பள கையில புள்ளையக் குடுத்தா எழவுதான் கூட்டுவாக. வேல போனது போகட்டும். நீ வீட்டோட இரு.”

ராக்கு பிள்ளையின் பாதத்தை விடாமல் தலையை நிமிர்த்தினாள். என்னைத்தான் பார்த்தாள்.

“அத்தை ஒங்கள இதப் பாடித்தான் தூங்க வச்சாகளா?”

“ஆமா.”

“வேற பாட்டு?”

“வேற தெரியாது.”

அவள் கொஞ்சம் தயங்கினாள். “மாமா, ராசான்னது ஒங்களையில்ல. ஒங்க அய்யாவ.”

முப்பது வயது ஆள் நான். மீசை வைத்திருந்தேன். கையில் ஈரச் சேலையோடு அந்த முற்றத்தில் நின்று, அப்போதுதான் அந்தப் பாட்டை முதல்முறையாகக் கேட்டேன். அம்மா என்னை மடியில் வைத்துக்கொண்டு யாரோடு பேசிக்கொண்டிருந்தாள் என்பது தெரிந்தது. பெண்கள் ஒவ்வொருவராக அவரவர் வீட்டுக்குள் போய்விட்டார்கள்.

அன்று ராத்திரி நான் ஷிப்டுக்குப் போகவில்லை. மறுநாள் காலை மூவரும் மில் வாசலுக்குப் போனோம். மேஸ்திரி வழியை மறித்து நின்றார்.

“யாரு செத்தா?” என்றார். ராக்கு என் தோளிலிருந்த பிள்ளையைப் பார்த்தாள். பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்று ஒரு பொய் சொன்னால் தீர்ந்தது. ஆனால் பிள்ளை விஷயத்தில் அப்படியொரு சொல் அவள் வாயிலிருந்து வராது. இந்தக் கதவைச் சாத்திவிட்டால் அவள் மறுபடியும் அந்தச் சுவர் முன்னால் போய் உட்கார வேண்டும்.

“யாரும் சாகலைங்க. நான் ஒப்பாரி பாடுனேன்” என்றேன். என் குரல்தான் அது என்று எனக்கே நம்பிக்கையில்லை.

“எதுக்கு?”

“புள்ள தூங்கங்க. பகல்ல புள்ளையப் பாக்குறது என் வேலை. அவ மேல தப்பில்ல.”

மேஸ்திரிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. உள்ளே போக நின்ற பெண்களையும் கூப்பிட்டுச் சொன்னார். “எங்க, பாடு பாப்போம். இதுல புள்ள தூங்குதான்னு நானும் பாக்குறேன்.”

கடையில் சில்லறை கேட்காத நான், அந்தக் கூட்டத்துக்கு நடுவில் பாடினேன். யார் முகத்தையும் பார்க்கவில்லை, பிள்ளை முகத்தை மட்டும் பார்த்தேன். அர்த்தம் தெரிந்து பாடுவது அதுதான் முதல் தடவை. பாதிப் பாதியாகத்தான் வந்தது. முதலில் சிரித்த பெண்கள் சிரிப்பை நிறுத்தினார்கள். ஒருத்தி முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள். தலைக்கு மேலே சங்கு ஊதியது. பஞ்சவர்ணம் அசையவில்லை. என் தோளில் தலையைப் போட்டுத் தூங்கிவிட்டிருந்தாள்.

மேஸ்திரி வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, “உள்ள போ புள்ள” என்று ராக்குவிடம் சொன்னார்.

அதற்குப் பிறகு வேலைப் பங்கில் பாட்டை மட்டும் ராக்கு தன் பக்கம் எடுத்துக்கொள்ளப் பார்த்தாள். நல்ல தாலாட்டாகப் பாடினாள். அவள் குரல் இனிமையானது. பஞ்சவர்ணம் கண்ணை உருட்டி உருட்டி அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தாளே தவிரத் தூங்கவில்லை. வேறு வழியில்லாமல் ராக்குவும் ஒப்பாரியைக் கற்றுக்கொண்டாள். வளவுக்குப் புதிதாகக் குடிவருகிறவர்களுக்கு மூக்கம்மா அக்காவே முன்கூட்டிச் சொல்லிவைப்பாள்: “அழுக சத்தம் கேட்டாப் பதறாதீக. புள்ள தூங்குது.” சொந்தக்காரர்களிடமும் இது பரவிவிட்டது. எங்காவது இழவுச் சத்தம் கேட்டால், “பஞ்சவர்ணம் தூங்குறா போல” என்பார்கள். அவளைக் கட்டிக்கொடுத்த வீட்டிலும் சொல்லிக் கேலி செய்கிறார்கள்.

போன ஆடியில் ராக்கு போய்விட்டாள். பெண்கள் சுற்றி உட்கார்ந்து ஒப்பாரியை ஆரம்பித்தார்கள். இரண்டு நாளாகத் தாய்க்குப் பக்கத்திலேயே கண் விழித்துக் கிடந்த பஞ்சவர்ணம் எழுந்து வந்து என் அருகில் உட்கார்ந்தாள். என் தோளில் சாய்ந்தாள். சற்று நேரத்தில் அவள் மூச்சு சீராவது தெரிந்தது. தாய் கிடக்கும்போது மகள் தூங்குகிறாளே என்று யாரோ ஒரு பெண் எழுப்ப வந்தாள்.

நான் அசையாமல் கையை மட்டும் காட்டித் தடுத்தேன்.

“நீங்க பாடுங்கத்தா. புள்ள தூங்குது.”