கெட்டிமேளமும் சண்டிலிப்பாய் இறைப்பு மிசினும்

இணுவில்,
புதன்கிழமை.

பெருமதிப்புக்குரிய நமசிவாயம் மாமா அவர்களுக்கு,

மயூரதன் பணிவோடு எழுதிக்கொள்வது. நான் நலம். என் ஸ்பீக்கர் இரண்டில் வலது பக்கத்துக்கு மட்டும் தொண்டை கட்டியிருக்கிறது. தாங்களும் மாமியும் உதயகலாவும் சுகமாயிருக்கவும், போன மாதம் நான் மிதித்த கத்தரிக் கன்றுகள் தேறி எழும்பவும் எங்கள் கந்தசுவாமியாரை வேண்டுகிறேன்.

கலியாணப் பேச்சுக்காலுக்கு வந்த அன்று உங்கள் படலை வாசலில் வைத்துத் தாங்கள் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. "தம்பி, நீர் நல்ல பிள்ளை எண்டு தெரியுது. ஆனா மாப்பிளைக்கு என்ன வேலை எண்டு சனம் கேட்டால் நான் என்னெண்டு சொல்லுறது? ஒரு கடுதாசியிலை விளக்கமா எழுதி அனுப்பும். அதுக்குப் பிறகு முடிவு சொல்லுறன்." ஒரு மாதமாக எழுதுகிறேன், மாமா. முதல் வரியிலேயே மனம் எங்கேயோ போய்விடுகிறது. இப்போதும் பாருங்கள், பின்வளவில் யாரோ தென்னோலை இழுத்துக்கொண்டு போகிறார்கள். அந்தச் சத்தம் தேய்ந்து முடியும்வரை பேனா நகரவில்லை.

படங்களுக்கும் தொலைக்காட்சி நாடகங்களுக்கும் இசை அமைப்பதும் ஒருங்கிணைப்பதும் என் தொழில். ஒரு பெண் யன்னலருகில் நிற்கிறாள், வாய் திறக்கவில்லை என்று வையுங்கள். அவள் மனதில் ஓடுவதை நான் வயலினில் சொல்லவேண்டும். அது அமைப்பது. அந்த வயலின்காரப் பிள்ளையை இங்கே பக்கத்தில் திருநெல்வேலி விடுதியிலிருந்து பஸ் ஏறப்பண்ணி, கோயில் மணியும் மீன்காரரின் ஹோனும் இல்லாத ஒரு கால் மணித்தியாலத்தைத் தேடிப் பிடித்து வாசிக்க வைப்பது ஒருங்கிணைப்பது. முதலாவதை விட இரண்டாவதுதான் கஷ்டம்.

அன்று நான் மரியாதை இல்லாமல் நடந்தேன் என்று மாமி மனம் வருந்தியதாகக் கேள்விப்பட்டேன். உண்மை இதுதான். உங்கள் சண்டிலிப்பாய்த் தோட்டத்தில் தண்ணீர் இறைப்பு மிசின் ஓடிக்கொண்டிருந்தது. மூன்று அடி அடித்துவிட்டு நாலாவதை விழுங்குகிற மிசின் அது. கொஞ்ச நேரத்தில் வாய்க்கால் தண்ணீரும் சேர்ந்துகொண்டது. எனக்கு உடம்பெல்லாம் லேசாகி, எங்கே நிற்கிறேன் என்பதே மறந்து நடந்து போனதில்தான் கத்தரிக் கன்றுகள் மிதிபட்டன. அந்த நேரம் பார்த்து உதயகலா தேத்தண்ணி கொண்டுவந்து தந்து என்னவோ கேட்டார். மிசின் சத்தத்தில் ஒரு சொல்லும் கேட்கவில்லை. மரியாதைக்கு "ஓம்" என்றேன். அவர் முகம் வாடிப்போயிற்று. சீனி காணுமோ, இன்னும் போடவோ என்று கேட்டிருப்பார், குடித்துப் பார்க்காமலே ஓம் என்றதில் கோபம் என்று நினைத்துக்கொண்டேன்.

இனி, என்னைத் தலைகுனிய வைத்த சங்கதிக்கு வருகிறேன். குருநகர் ஜெரிசன் இயக்கும் நாடகம் ஒன்றுக்கு நான்தான் இசை. கடைசிக் காட்சியில், மாப்பிள்ளை தாலியைத் தூக்குகிறான், பெண் "எனக்கு வேண்டாம்" என்று கத்துகிறாள், மேளம் சட்டென்று நின்று மண்டபமே அமைதியாக வேண்டும். நாதஸ்வரத்துக்கு எங்கள் ஊர்த் தியாகராசா அண்ணையையும் அவருடைய தவில்காரர் இருவரையும் என் ஒலிப்பதிவு அறைக்குக் கூப்பிட்டு, படத்தைப் பெரிய திரையில் போட்டுக் காட்டி, நிற்கவேண்டிய இடத்தில் நான் கை காட்டுவேன் என்று மூன்று தரம் சொல்லி, அவர்களும் தலையாட்டி, எல்லாம் சரியாகத்தான் போனது. திரையில் தாலி எழும்பியது. நான் விரலை உயர்த்தி, நிற்பாட்டச் சொல்லி ஆட்டினேன். கலியாண வீட்டில் விரலை ஆட்டினால் கெட்டிமேளம் என்பதை அந்த நேரத்தில் மறந்துபோனேன், மாமா. பிரளயமே வந்தது. நான் பதறி இரண்டு கையையும் ஆட்ட, அவர்கள் உற்சாகமாகி இன்னும் ஓங்கி அடிக்க, வெளிச்சத்தம் வராமல் சுவரில் ஒட்டியிருந்த மெத்தை கழன்று என் கீபோட்டின் மேல் விழுந்தது.

மறுபடி வாசிக்கச் சொல்லிக் கெஞ்சினேன். "தம்பி, தாலி எழும்பினாப் பிறகு மேளம் நிக்கப்படாது. ஒரு தும்மல்கூடக் கேக்கக்கூடாது எண்டுதானே அடிக்கிறது. நாடகமெண்டாலும் நான் அந்தப் பாவத்தைச் செய்யன்" என்று சொல்லி, தியாகராசா அண்ணை நாதஸ்வரத்தை உறையில் போட்டுவிட்டார். வேறு வழியில்லாமல் அதையே அனுப்பினேன். ஜெரிசன் போன் எடுத்தான். "என்ரை ஹீரோயின் தொண்டை கிழியக் கத்துறாள், ஒரு மனுசருக்கும் கேக்கேல்லையடா! உனக்கு ஏன் இந்த வேலை?"

யோசித்துப் பார்த்தேன். நியாயமான கேள்வி. உதயகலாவை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது, மாமா, அவரை இழக்க எனக்கு மனமில்லை. ஆகவே இந்தத் தொழிலை விடுகிறேன். வருகிற திங்கள் முதல் திருநெல்வேலியில் சித்தப்பாவின் சீமெந்துக் கடைக்கு நான் மனேஜர். இனி யார் கேட்டாலும் ஒரே சொல்லில் பதில் சொல்லலாம். மனம் கனக்கத்தான் செய்கிறது. லொறியிலிருந்து சீமெந்துப் பைகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழும் சத்தம் ஒருவேளை நல்ல தாளமாக இருக்கும். பாருங்கள், மறுபடியும் போய்விட்டேன்.

மாமிக்கு என் வணக்கங்கள். கத்தரிக்கு மழையும் புகையிலைக்கு வெயிலும் வேண்டிய நேரத்தில் முருகன் தரட்டும்.

தங்கள் முடிவை எதிர்பார்க்கும்,
மயூரதன்

பி.கு.: மாமா, உறையை ஒட்ட முன்னம் அந்தக் காட்சியை இன்னொரு முறை பார்த்தேன். அவ்வளவு சனம் அட்சதையோடு நிற்கிறது. அந்தப் பிள்ளையின் வாய் "வேண்டாம்" என்கிறது. மேளம் அதை மூடிவிடுகிறது. இதைவிட உண்மையான இசையை நான் அமைத்ததே இல்லை. அப்போதுதான் உங்கள் தோட்டத்து மிசின் நினைவுக்கு வந்தது. உடனே தங்கள் வீட்டுக்குப் போன் எடுத்தேன். தாங்கள் தோட்டத்தில். உதயகலாதான் எடுத்தவ. அண்டைக்கு என்ன கேட்டனீங்கள் எண்டு கேட்டன்.

"அப்பா சொன்னால் இந்த மியூசிக்கை விட்டிடுவீங்களோ எண்டு கேட்டனான். யோசிக்காமல் ஓம் எண்டு சொன்னியள்."

சீமெந்துக் கடையைச் சொன்னேன்.

"அப்பாவுக்கு எழுதியாச்சு, சித்தப்பாவுக்குச் சொல்லியாச்சு. என்னட்டை ஆரும் கேட்டனீங்களோ? சீமெந்துக் கடை மனேஜரை எனக்கு வேண்டாம்."

"அப்ப மியூசிக்காரனை?" எண்டு கேட்டன். இப்பத்தான் முதல் தரம் கேக்கிறன், மாமா.

"நேரிலை வாங்கோ, சொல்லுறன். அதுக்கு முதல் அப்பாவை மிசினை நிப்பாட்டச் சொல்லுங்கோ."

ஆகையால் மேலே உள்ள சீமெந்துக் கடையை வெட்டிவிடுங்கோ. மேளம் அப்பிடியே இருக்கட்டும் எண்டு ஜெரிசனுக்கும் சொல்லிப்போட்டன். ஞாயிற்றுக்கிழமை காலமை பத்து மணிக்கு வாறன். ஒரு அரை மணித்தியாலம் மட்டும் மிசினை நிப்பாட்டி வையுங்கோ. கத்தரிக்கு நான் வாளியாலை தண்ணி ஊத்துறன்.