பதினொன்றரைக் கிலோ படிப்பு

சைக்கிள் மறுபடியும் இடது பக்கமாகவே போயிற்று. லென்ஸ்காரர் வலப்பக்கம் திருப்பிப் பார்த்தார், அது கேட்கவில்லை. தெருமுனைச் சுவரில் ஒரு முட்டு முட்டிவிட்டுத்தான் நின்றது. கைப்பிடியில் தொங்கிய பள்ளிக்கூடப் பை மட்டும், தனக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்பதுபோல் ஆடிக்கொண்டிருந்தது.

பை அவருடைய மகளுடையது. மூன்றாம் வகுப்பு. அவள் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளோடு கைவீசி நடந்து போவாள். அப்பா வேலைக்குப் போகிற வழியில் பையைச் சைக்கிளில் கொண்டுபோய்ப் பள்ளி வாசலில் இறக்கிவிட வேண்டும். இந்த ஏற்பாட்டைச் சொன்னதும் மகள்தான்.

கண்ணாடிக் கடையில் அவருக்கு லென்ஸ் தேய்க்கிற வேலை. பலமாக மூச்சு விட்டாலே கெட்டுப்போகிற வேலை. பையோடு மல்லுக்கட்டிய கை பத்து மணிவரை நடுங்கியது. அன்றைக்கு அந்த வாரத்தின் இரண்டாவது லென்ஸ் ‘டிக்’ என்று உடைந்தது.

முதலாளி கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"இன்னொண்ணு உடைஞ்சா நீங்க வாசல்ல உக்காந்து கண்ணாடி துடைச்சுக் குடுங்க. தேய்க்க வேற ஆள் பாத்துக்கறேன்."

பதினாறு வருஷம் உட்கார்ந்த மேஜை. வீட்டுக்கு வந்து மனைவியிடம் புலம்பினார்.

"மூணாங்கிளாஸுக்கு எதுக்குங்க அவ்ளோ கனம்? திறந்துதான் பாருங்களேன்."

"பாத்தேன். பூரா புஸ்தகம். எல்லாம் பழுப்பு அட்டை போட்டு, செங்கல் அடுக்கின மாதிரி இருக்கு."

"காலைல அதை மாட்டிக்கிட்டு மாடியிலேர்ந்து ரெண்டு ரெண்டு படியாத் தாவி இறங்கறாளே?"

"படிக்கிற பிள்ளைக்குப் பாரம் தெரியாது. உனக்கெங்க அது புரியப்போகுது!"

"புரியாதுதான். கையை நீட்டுங்க, தைலம் தேய்க்கறேன்."

எட்டாம் வகுப்போடு படிப்புக்கு முழுக்குப் போட்டவர் அவர். மகளின் பை கனக்கக் கனக்க உள்ளூர அவருக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அவள் மேஜை டிராயரில் விதவிதமாக முப்பது ரப்பர்கள் கிடந்தன. கேட்டால், "குடுத்தாங்கப்பா" என்பாள். டீச்சர் கையால் பரிசு என்று நினைத்துப் பூரித்துப்போனார்.

கீழ்வீட்டுத் தையல்காரரின் மகளைப் பார்த்தால்தான் அவருக்குப் பாவமாக இருந்தது. நாலாம் வகுப்பு, ஆனால் முதுகோடு ஒட்டிய தட்டைப் பை. அவளுக்கு ‘காத்துப்பை’ என்று பெயரே வைத்துவிட்டார். அந்தக் குழந்தையும் கோபித்துக்கொள்ளாமல் சிரித்துவிட்டுப் போகும்.

மறுநாள் பையைக் கேரியரில் வைத்துப் பழைய ட்யூபால் இறுக்கிக் கட்டினார். சைக்கிள் சொன்ன பேச்சு கேட்டது. ஆனால் பாலத்து இறக்கத்தில் தோள்வார் சக்கரத்துக்குள் புகுந்தது. வார் அறுந்து, இரண்டு கம்பி வளைந்து, முழங்காலும் தேய்ந்தது. அன்றைக்கு லென்ஸ் தப்பியது அவர் செய்த புண்ணியம்.

சாயங்காலம் பையைத் தையல்காரரிடம் கொண்டுபோனார்.

"வார் மட்டும் போதுமாண்ணே? துணி மிச்சமிருக்கு, முன்னால பெரிய பாக்கெட் ஒண்ணு வச்சுத் தரட்டுமா?"

"தாராளமா வைங்க. ஆமா, உங்க பொண்ணுக்கு இந்த வருஷம் புஸ்தகமே குடுக்கலையா?"

"கேட்டா எல்லாம் ஸ்கூல்ல இருக்குங்குது. அது படிக்கிற லட்சணம் அப்படி."

"சின்னப் பொண்ணுதானே, போகப்போகச் சரியாயிடும்," என்று பெரிய மனது பண்ணி ஆறுதல் சொன்னார் லென்ஸ்காரர்.

மறுநாளே புதுப் பாக்கெட் புடைத்திருந்தது. பாலத்து ஏற்றத்தில் முன்சக்கரம் தரையை விட்டுக் கிளம்பியது. இறங்கித் தள்ளினார். வழியில் பழைய பேப்பர்க் கடைத் தராசில் பையை வைத்துப் பார்த்தார். பதினொன்றரைக் கிலோ.

"எடைக்குப் போடறீங்களா?" என்று ஆசையாகக் கேட்டார் கடைக்காரர்.

"இது படிப்புய்யா!" என்று பையைப் பிடுங்கிக்கொண்டார்.

அந்த வாரக் கடைசியில் வெல்டிங் கடைக்குப் போய்க் கனத்த இரும்பில் புதுக் கேரியர் போட்டுக்கொண்டு வந்தார். மகள் அதைச் சுற்றிச் சுற்றி வந்தாள். ஏறி உட்கார்ந்து குதித்தும் பார்த்தாள்.

"இது எவ்வளவுப்பா தாங்கும்?"

"அம்பது கிலோ தாங்கும்டா கண்ணு."

"சூப்பர்ப்பா!" கன்னத்தில் ஒரு முத்தம் விழுந்தது. முழங்கால் வலி போன இடம் தெரியவில்லை.

திங்கட்கிழமை காலையில் சைக்கிளில் பையோடு ஒரு துணிப்பையும் காத்திருந்தது. "இதுவும்ப்பா" என்று சொல்லிவிட்டு மகள் ஓடியே போனாள்.

பள்ளி வாசலுக்கு வந்தபோது அவர் கை வெடவெடவென்று நடுங்கியது. இந்தக் கையோடு போனால் மேஜை போய்விடும். மகள் படிப்பு பெரிதுதான். அதற்காக வாசலில் உட்கார்ந்து கண்ணாடி துடைப்பதா? பிள்ளைகள் பின்னால் வந்துகொண்டிருந்தார்கள். தலைமை ஆசிரியை வாசலிலேயே நின்றிருந்தார். லென்ஸ்காரர் பொறுத்தது போதும் என்று வாயைத் திறந்தார்.

"ஏம்மா, மூணாங்கிளாஸ் குழந்தைக்குப் பதினொன்றரைக் கிலோவா? என் பொண்ணு நல்லாப் படிக்கிறான்னு எல்லாப் புஸ்தகத்தையும் அவ தலையிலயே கட்டறதா? நான் குடும்பஸ்தன், எனக்குக் கை வேணும்மா!"

ஆசிரியை மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "பதினொன்றரையா? திறங்க, பாப்போம்."

லென்ஸ்காரர் நிமிர்ந்து நின்று, நாலு பேர் பார்க்கட்டும் என்று பையைத் திறந்தார்.

அதற்குள் மூச்சிரைக்க ஓடி வந்தாள் காத்துப்பை.

"மேல இருக்கறது அஞ்சாங்கிளாஸ் அக்காவோடது, பாத்து எடுங்க மாமா, என்னுது அடியில இருக்கு, அப்புறம், புதுக் கேரியர் அம்பது கிலோ தாங்கும்னு உங்க பொண்ணு இன்னும் ரெண்டு பேர்கிட்ட ரப்பர் வாங்கிடுச்சு!"